வெறுமை உறுதிப்படுத்தல் குழு

யட்டவத்தைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது அது ஸஜீதாவின் வேலி வரைக்கும் வந்தது. நீலக் குழாய் வேலிக்கு வெளியே தலையை நீட்டியது. வேலையாட்கள் அதன் வாயில் ஒரு மூடியைத் திருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வீட்டில் அன்று மாலையே தண்ணீர் கொட்டியது. அவர்கள் அதில் சைக்கிளைக் கூடக் கழுவினார்கள். வேலி தாண்டித் தண்ணீர் கொடுத்தால் இணைப்பை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் ஸஜீதாவுக்கு மட்டும் ஒரு வாளியும் கொடுக்கவில்லை.

ஸஜீதா வெள்ளை மிளகு செய்கிறவள். பழுத்த மிளகைச் சாக்கோடு ஊறப்போட்டு, தோல் நைந்ததும் கசக்கிக் கழுவிக் காயவைத்தால் வெள்ளை மிளகு. சொல்ல லேசு. ஊறுகிற தண்ணீரை நாள் தவறாமல் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மிளகு கறுத்து, எருமைத் தொழுவம் மாதிரி நாறும். கிணறோ வெயில் தொடங்கியதும் சேறாகிவிடும். புருஷன் நளீம் தன் த்ரீவீலில் ஆள் ஏற்றுவதை விட்டு ஓடைத் தண்ணீரை ஏற்றி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மாத்தளை நகரத்து வாசனைத் திரவியக் கடைக்காரர் இந்தப் போகத்தை ஒரு சோதனையாகச் சொல்லியிருந்தார். சரக்கு வெள்ளையாக, வாடையில்லாமல் வந்தால் இனி எப்போதும் அவளிடம்தான் வாங்குவார். வராவிட்டால் அவள் கடைப் படி ஏற வேண்டியதில்லை. ஆகவே, மிளகு பழுப்பதற்குள் அந்த மூடி கழன்றாக வேண்டும்.

நீர் வழங்கல் காரியாலயத்தில் தனுஷா என்ற பெண் கணினிக்கு முன்னால் இருந்தாள். நல்ல பிள்ளை. விஷயத்தைத் திரையைத் திருப்பியே காட்டினாள்.

"அக்கா, ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பியூட்டர்ல ஒரு கோப்புறை திறக்கணும். ஆபீஸ்ல ஃபைல் போட்டு வைக்கிற பை இருக்கில்ல, அந்த மாதிரி. உங்க வீட்டு இலக்கத்துல திறக்கப் போனா, ஏற்கனவே இருக்குன்னு மெஷின் சொல்லுது."

"அப்ப அந்த இருக்கிறதுலயே போடுங்களேன் தங்கச்சி."

"அது எங்களோடது இல்லக்கா. மாத்தளையில அதிகாரசபை இருக்கே, அவங்களோடது. நாங்க தொட ஏலாது."

"உள்ளுக்கு என்ன வெச்சிருக்காங்க?"

"ஒண்ணுமே இல்லக்கா. வெறும் பை. அவங்க அதை எடுத்துவிட்டா அன்னைக்கே உங்களுக்குத் தண்ணி குடுக்கிறேன்."

ஒன்றுமில்லாத ஒன்றைத்தானே எடுக்க வேண்டும், பகல் சோற்றுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்து ஸஜீதா மாத்தளை பஸ்ஸில் ஏறினாள். பாவம்.

மின்னணுக் கோப்புறை ஒழுங்கமைப்பு அதிகாரசபை என்பது அந்த நிறுவனத்தின் முழுப் பெயர். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதாலோ என்னவோ நான்கு ஆங்கில எழுத்துகளில் சுருக்கி, அதைப் பெயர்ப்பலகையிலும், ஜீப் கதவிலும், தேநீர்க் கோப்பையிலும், கழிப்பறைச் சாவியில் தொங்கிய பலகைத் துண்டிலும் எழுதி வைத்திருந்தார்கள். மாகாணத்து அரசாங்கக் கணினிகளில் தேவையற்ற கோப்புறைகள் பெருகிவிட்டன, அவற்றை அகற்ற வேண்டும் என்று எப்போதோ ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னதன் விளைவு அது. சொன்னவர் ஓய்வு பெற்றுவிட்டார். கட்டடம் நிற்கிறது.

அவர்கள் இதுவரை செய்த ஒரே காரியம் ஒரு பிரமாணம், அதாவது ஒரு விதி, இயற்றியதுதான். கோப்புறை இல்லாத நிறுவனம் நிறுவனமே அல்ல என்பது அந்தப் பிரமாணம். அதன்படி பல்லேபொல பக்கத்தில் ஒரு வாசிகசாலையை, அதற்குக் கணினியில் கோப்புறை இல்லை என்ற குற்றத்துக்காக மூடினார்கள். வாசிகசாலையில் புத்தகங்கள் இருந்தன, வாசிக்க ஆட்களும் வந்தார்கள். அதையெல்லாம் பிரமாணம் கேட்கவில்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் இத்ரூஸ் ஸஜீதாவை உட்காரச் சொன்னார். உடைந்த கால் உள்ள பிளாஸ்டிக் கதிரை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தால் விழாது.

"ராத்தா, உங்கட வீட்டு இலக்கம் எப்படி இங்க வந்ததுன்னா, எங்கட திறப்பு விழாவுல பணிப்பாளர் ஒரு கோப்புறை திறந்து காட்டினாரு. உதாரணத்துக்கு வாயில வந்த ஒரு இலக்கத்தைப் போட்டாரு. அது உங்கட வீடாப் போச்சு. எல்லாரும் கை தட்டினாங்க."

"சரி சேர். இப்ப எடுத்துடுங்களேன். வெறும் பைதானே."

இத்ரூஸ் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலச் சிரித்தார்.

"வெறுமையா இருந்தாத்தான் ராத்தா எடுக்கவே ஏலும். ஐஞ்சு எழுத்துக் கட்டளை ஒண்ணு இருக்கு. அதை அடிச்சுப் பேரையும் அடிச்சா, அது போய் இயங்குதளத்தைக் கூப்பிடும். இயங்குதளம்ன்னா மெஷின்ட லொக்கா, பெரிய முதலாளி மாதிரி. அவரு உள்ளுக்கு எட்டிப் பாப்பாரு. ஒரு துரும்பு இருந்தாலும் விட மாட்டாரு. ஒண்ணுமில்லாட்டித்தான் எடுப்பாரு. ரொம்ப நியாயமானவரு. இதுல விசேஷம் என்னன்னா, நாங்க யாரும் எதையும் அழிக்கிறதில்ல. நாங்க கேக்கிறோம், அவ்வளவுதான்."

"அப்ப கேளுங்க சேர்."

"கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கில்லயா. உள்ளுக்கு ஒண்ணுமில்லன்னு முதல்ல வெறுமை உறுதிப்படுத்தல் குழு எழுதித் தரணும்."

"லொக்காதான் எட்டிப் பாப்பாருன்னு சொன்னீங்களே."

"அவரு பாக்கிறது வேற, குழு பாக்கிறது வேற," என்றார் இத்ரூஸ், சற்று மனம் புண்பட்டவராக.

குழு வந்தது. கணினியில் உள்ள வெறுமையைப் பார்க்கக் கணினிக்குப் போகவில்லை. கோப்புறையில் வீட்டு இலக்கம் இருப்பதால் யட்டவத்தைக்கே ஜீப்பில் வந்தது. வருகிறவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பினால் மனு எங்கேயாவது விழுந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால் ஸஜீதா நெய்ச்சோறும் கோழிக் குழம்பும் வட்டிலப்பமும் செய்திருந்தாள். குழுவுக்குத் தலைவராகப் பணிப்பாளர் மோகனராஜே எழுந்தருளினார். உயரமான மனிதர். எங்கே நின்றாலும் படம் எடுக்கப்போகிறார்கள் என்ற நினைப்பிலேயே நிற்பவர். ஊறப்போடுவதற்காகப் பறித்து முற்றத்தில் பாயில் விரித்திருந்த மிளகின் மேல் ஜீப்பை ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கினார்.

"சேர், அது மிளகு," என்றான் நளீம், இடுப்பில் கையை வைத்தபடி.

"பரவாயில்ல, டயருக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் பணிப்பாளர்.

குழு அறைகளைப் பார்த்தது. வறண்ட கிணற்றைப் படம் எடுத்தது. இரண்டாம் தடவை வட்டிலப்பம் கேட்டது. கை கழுவத் தண்ணீர் போதவில்லை என்று முகம் சுளித்தது. நளீம் ஓடையிலிருந்து கொண்டுவந்து, மிளகுக்கென்று மூடிவைத்திருந்த கேன் அப்படித்தான் காலியானது. ஸஜீதா ஜீப் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டயருக்கு அடியில் அவளுடைய மிளகு கிடந்தது. அதற்கு நேர் மேலே அந்த நான்கு எழுத்துகள் பொன்னிறத்தில் மின்னின. அவை அன்று அவள் மனதில் ஆணி அடித்ததுபோல் பதிந்தன.

குழுவின் அறிக்கை வர வேண்டிய காலத்தைவிடத் தாமதமாகவே வந்தது. அதற்குள் முதல் பறிப்பு ஊறலில் கறுத்துவிட்டது. வாடை வேலி தாண்டிப் போய், பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்தினார்கள். ஸஜீதா சாக்கை அவிழ்த்து வாழையடியில் கொட்டினாள். கொட்டிவிட்டு அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது.

"விடுங்க. அல்லாஹ் பாத்துக்குவான்," என்றான் நளீம்.

"அவன் பாப்பான். அதுக்கு முன்னுக்கு நானும் கொஞ்சம் பாக்கிறேன்," என்றாள்.

இரண்டாம் பறிப்பு கொடியில் இருந்தது. கடைக்காரர் அதற்கு மட்டும் பொறுத்திருப்பதாகச் சொன்னார். ஸஜீதா மறுபடியும் மாத்தளைக்குப் போனாள். இத்ரூஸின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"கட்டளை அடிச்சுப் பாத்தேன் ராத்தா. லொக்கா மறுத்துட்டாரு. கோப்புறை வெறுமையா இல்லன்னு சொல்றாரு."

"குழுதான் வெறுமைன்னு எழுதிக் குடுத்திச்சே."

"எழுதிக் குடுத்திச்சு. அந்த அறிக்கையை உங்கட கோப்புறைக்குள்ள போட்டு வெச்சோம்."

ஸஜீதா சுவரில் சாய்ந்திருந்த கதிரையிலிருந்து நிமிர்ந்தாள். கதிரை சரிந்தது. சரிந்ததைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"உள்ளுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதின கடதாசியை உள்ளுக்கே போட்டீங்க."

"வேற எங்க போடுறது? மனுக்காரர் சம்பந்தமான எல்லாம் மனுக்காரர்ட கோப்புறையிலதான் போடணும். அந்த நாலு எழுத்துப் பேர்ல இருக்கிற அதிகாரசபைட சொந்தக் கோப்புறையில ஒரு எழுத்தும் வைக்கக் கூடாதுன்னு பணிப்பாளர்ட உத்தரவு. அவரு அடிக்கடி திறந்து பாப்பாரு. சுத்தமா, கண்ணாடி மாதிரி இருக்கணும். மத்தக் காரியாலயங்களுக்கு முன்மாதிரியாம்."

"அப்ப உங்கட கோப்புறைக்குள்ள ஒண்ணுமே இல்ல."

"தொடங்கின நாள்ல இருந்து ஒரு துரும்பு இல்ல," என்றார் இத்ரூஸ் பெருமையாக.

ஸஜீதா அன்று பஸ்ஸில் திரும்பும்போது சன்னலோரம் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

அறிக்கையை வெளியே எடுக்க ஒரு கூட்டம் நடந்தது. எடுத்ததற்கான குறிப்பை வழக்கம்போல அதே கோப்புறையில் போட்டார்கள். குறிப்பை எடுக்க இன்னொரு கூட்டம். இப்படியே போனால் இரண்டாம் பறிப்பும் வாழையடிக்குப் போயிருக்கும். அதைக் காப்பாற்றியது பணிப்பாளரின் நல்லெண்ணமல்ல, புகழாசை. அதிகாரசபையின் ஆண்டு விழா நெருங்கியது. காட்ட ஒரு வேலையும் இல்லை. ஒரு கோப்புறையை மேடையில் வைத்து, பிரமுகர்கள் முன்னால், சுபநேரத்தில் அகற்றிக் காட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. விழாவுக்காக ஸஜீதாவின் கோப்புறையை ஒரே நாளில் துடைத்து வைத்தார்கள். மேடையில் எதுவும் தடைப்பட்டுப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று, விழா முடியும்வரை எல்லாவற்றுக்கும் மேலான அனுமதியைக் கண்டித் தலைமைக் காரியாலயத்திலிருந்து கேட்டு வாங்கினார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. விசையை அழுத்துவது யார்? பிற்காலத்தில் கணக்காய்வு கேட்டால் அழுத்திய விரலைத்தானே கேட்கும். பணிப்பாளர் தன் விரலைத் தரத் தயாராக இல்லை. இத்ரூஸுக்குப் பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. கடைசியில் விண்ணப்பதாரியே அழுத்த வேண்டும், முழுப் பொறுப்பும் அவருடையதே என்று ஒரு புதுப் பிரமாணம் பிறந்தது. ஸஜீதாவைக் கூப்பிட்டு ஒத்திகை நடத்தினார் இத்ரூஸ்.

"ஐஞ்சு எழுத்து. பிறகு ஒரு இடைவெளி. பிறகு உங்கட வீட்டு இலக்கம். பிறகு இந்தப் பெரிய விசை. விளங்கிச்சா?"

"விளங்கிச்சு சேர். ஒரே தரத்துல ரெண்டு கோப்புறை எடுக்கணும்ன்னா?"

"அதுக்கென்ன. இடைவெளி விட்டு அடுத்த பேரையும் அடிச்சாச் சரி. எத்தனையும் அடிக்கலாம். ஒவ்வொண்ணா எட்டிப் பாப்பாரு."

"எடுக்கப்படுற கோப்புறைக்காரர் சம்மதிக்கத் தேவையில்லயா?"

"தேவையில்ல. அதை வெச்சிருக்கிற மேல் கோப்புறையில அனுமதி இருந்தாப் போதும். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான் சேர். தெரிஞ்சுக்க ஆசை."

விழா மண்டபத்தில் மங்கள விளக்கு ஏற்றினார்கள். திரி சரியாகப் பிடிக்காமல் ஒவ்வொரு பிரமுகரும் ஒவ்வொரு தீக்குச்சியாக வீணாக்கினார்கள். பாற்சோறும் கொண்டைப் பலகாரமும் வெற்றிலைத் தட்டும் மேசையில் இருந்தன. நினைவுக் கல் ஒன்றைச் சிவப்புத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். அகற்றப்படும் கோப்புறையின் ஞாபகார்த்தமாக அது. ஸஜீதாவை முன்வரிசையில் உட்கார வைத்து நெஞ்சில் ஒரு றிபனும் குத்தியிருந்தார்கள். பணிப்பாளர் எழுந்தார்.

"பெருமதிப்புக்குரியவர்களே, இந்த அதிகாரசபை தொடங்கிய நாளிலிருந்து ஒரு கோப்புறையைக்கூட நாம் அவசரப்பட்டு அகற்றியதில்லை. ஆகவே நம்மிடம் ஒரு பிழையும் நடந்ததில்லை. வேலை செய்கிறவன்தான் பிழை விடுவான் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அந்த வகையைச் சேர்ந்தவர்கள் அல்ல." கைதட்டல் கேட்டது. "அகற்றல் என்பது பொறுப்பான காரியம். அதனால்தான் அந்தப் பொறுப்பை நாம் எடுத்துக்கொள்ளாமல் பொதுமக்களின் கையில் கொடுத்திருக்கிறோம். மக்களுக்கு அதிகாரம் என்று சொல்வது இதைத்தான். நமது சொந்தக் கோப்புறையை யாரும் எந்த நேரமும் திறந்து பார்க்கலாம். அதில் நாம் இத்தனை காலம் செய்தது அத்தனையும் அப்படியே இருக்கிறது."

முன்வரிசைப் பிரமுகர் ஒருவர் விழித்துக்கொண்டு கைதட்டினார். சுபநேரம் வந்தது என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையாட்டினார். மேளக்காரர் மேளத்தைத் தட்டினார். ஸஜீதா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய எழுத்துகளை, விளக்குக்குப் பக்கத்தில் நின்று படத்துக்கு முகம் காட்டிய பணிப்பாளரின் தோள்கள் மறைத்தன.

அவள் பிஸ்மில்லாஹ் சொன்னாள். ஐந்து எழுத்தை அடித்தாள். இடைவெளி. வீட்டு இலக்கம். பிறகு இன்னொரு இடைவெளி. அவளுக்கு மிளகு கிடந்த பாய் ஞாபகம் வந்தது, வாழையடியில் கொட்டிய சாக்கு ஞாபகம் வந்தது. ஜீப் கதவில் பார்த்த நான்கு எழுத்துகளை, ஒன்றும் விட்டுப்போகாமல், அடித்தாள். உள்ளே ஒரு துரும்பு இருந்தால் லொக்கா விடமாட்டார். ஒரு கடிதம், ஒரு வரி, செய்த ஒரு நல்ல காரியத்தின் அடையாளம் ஏதாவது இருந்தால் போதும், அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். அப்படித் தப்பித்தால் அவளும் மன்னித்துவிடத்தான் நினைத்திருந்தாள். பெரிய விசையை அழுத்தினாள்.

திரை ஒன்றும் சொல்லவில்லை.

மேளம் நின்றது. மண்டபம் காத்திருந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் பணிப்பாளர் திரும்பாமல்.

"ஒண்ணும் சொல்லல்ல சேர்," என்றார் இத்ரூஸ். "சரியா நடந்தா அது ஒண்ணும் சொல்லாது. மறுத்தாத்தான் சொல்லும்." அப்போதுதான் பணிப்பாளரின் தோள் விலகி, அடித்திருந்த வரி இத்ரூஸின் கண்ணில் பட்டது. முதலில் வரியைப் பார்த்தார், பிறகு ஸஜீதாவைப் பார்த்தார். அவர் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

"ராத்தா, என்ன வேல செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் அழிக்கல்ல சேர். நீங்க சொன்ன மாதிரி, கேட்டேன், அவ்வளவுதான்."

கைதட்டல் எழுந்தது. பணிப்பாளர் சிவப்புத் துணியை விலக்கி நினைவுக் கல்லைத் திறந்துவைத்தார். கல்லில் அதிகாரசபையின் பெயர்தான் பெரிதாக இருந்தது.

அன்று மாலையே தனுஷா தன் வாக்கைக் காப்பாற்றினாள். மூடி கழன்றது. தண்ணீர் முதலில் இருமியது, பிறகு காற்றைத் துப்பியது, பிறகு கொட்டியது. நளீம் இடுப்பை மறந்து வாளியோடு ஓடினான்.

மாத்தளையில் மறுநாள் காலை விரல் வைத்த உத்தியோகத்தர்கள் எவரையும் வரவுப் பதிவு இயந்திரம் ஏற்கவில்லை. அப்படி ஒரு நிறுவனம் இல்லை என்றது. ஜீப்பைப் பக்கத்துத் திணைக்களம் எடுத்துக்கொண்டது. உரிமையாளர் இல்லாத வாகனம் நிற்க விடக் கூடாதாம். கதிரைகளும் போயின, கால் உடைந்ததைத் தவிர. பணிப்பாளர் கண்டிக்கு ஓடினார். புதுக் கோப்புறை திறக்க விண்ணப்பிக்கலாம் என்றார்கள், ஆனால் விண்ணப்பம் கோப்புறை ஒழுங்கமைப்பு அதிகாரசபையின் ஊடாகத்தான் வர வேண்டும். அப்படி ஒன்று இப்போது இல்லையே என்று அவர் சொன்னார். கோப்புறை இல்லாத நிறுவனம் நிறுவனமே அல்ல என்று உங்கள் பிரமாணமே சொல்கிறதே என்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அழகான கையெழுத்து, அவருடையதே.

இன்னும் சில நாளில், பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து, மோகனராஜ் ஸஜீதாவின் முற்றத்தில் நின்றார். பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளையென்றால் அப்படியொரு வெள்ளை. இந்த முறை பாயைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. அழுத்தினது நீங்க. பொறுப்பு உங்களோடது. அதனால நீங்க ஒரு வாக்குமூலம் குடுத்தாப் போதும்ங்கிறாங்க. எங்க கோப்புறைக்குள்ள ஏதோ ஒண்ணு இருந்திச்சுன்னு. அப்ப எடுத்ததே செல்லாதாம். என்னன்னு சொல்லத் தேவையில்ல. ஏதோ ஒண்ணு."

"உள்ளுக்கு ஏதாவது இருந்திருந்தா மெஷின் விட்டிருக்காதே சேர்."

"தெரியும். ஆனா மனுஷங்க சொன்னா ஏத்துக்குவாங்க."

ஸஜீதா உள்ளே போய்க் குழாயைத் திறந்து ஒரு கோப்பைத் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடிக்கும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"நான் எப்படி சேர் சும்மா சொல்றது? கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கில்லயா. முதல்ல ஒரு குழு வரணும். உள்ளுக்கு என்ன இருந்திச்சுன்னு பாத்து எழுதணும்."

"குழுவா? எந்தக் குழு?"

"நானும் இவரும் பக்கத்து வீட்டு ஆட்களும். எங்களுக்கு ஜீப் இல்ல. அதனால நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். நாங்க வாற அன்னைக்கு நெய்ச்சோறு செஞ்சு வெச்சா நல்லது. வட்டிலப்பத்தை மறந்துடாதீங்க."

மோகனராஜ் உட்கார ஒரு கதிரை கிடைக்குமா என்று கேட்டார். நளீம் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ஒரு கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரை. மாத்தளையில் அதிகாரசபைச் சாமான்களை வெளியே எறிந்த அன்று, த்ரீவீலில் போடச் சொல்லி ஸஜீதா கேட்டு வாங்கி வந்தது.

"சுவரோட சாஞ்சு உக்காருங்க சேர். விழாது," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சாக்கு மிளகைக் கழுவப் போனாள்.